சென்னையிலிருந்து நியூயார்க்: தூரமும் நேரமும்

சென்னை மீனம்பாக்கத்திலிருந்து நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கு நேர்த் தூரம் ஏறத்தாழ 13,475 கிலோமீட்டர். பெரிய ஜெட் விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. வகுத்துப் பார்த்தால் பதினைந்து மணி நேரம். ஆனால் பயணிகள் விமானத்தில் சென்னையில் ஏறி, பதினைந்து மணி நேரத்தில் நியூயார்க்கில் இறங்கியவர் எவரும் இல்லை. இருபத்திரண்டு மணி, இருபத்தாறு மணி, சமயத்தில் முப்பதைத் தாண்டிவிட்டது என்றுதான் பிள்ளைகளைப் பார்க்கப் போய்வரும் பெற்றோர் சொல்கிறார்கள். அந்த மீதி மணிகள் எங்கே போகின்றன? இரண்டு விமான நிலையங்களுக்கு இடையிலான தூரம் மாறாமல் நிற்க, பயண நேரம் மட்டும் ஏன் ஆண்டுக்கு ஆண்டு, மாதத்துக்கு மாதம், போகும் திசைக்கும் வரும் திசைக்கும் மாறுகிறது? இந்த ஒரே வழித்தடத்தை வைத்துக்கொண்டே அதற்கான காரணங்கள் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்.

முதலில் தூரம். சுவரில் மாட்டும் உலகப் படத்தில் சென்னைக்கும் நியூயார்க்குக்கும் அளவுகோல் வைத்துக் கோடு போட்டால், அது அரபிக்கடல், ஆப்பிரிக்காவின் வடபகுதி, அட்லாண்டிக் என்று மேற்கே போகும். அந்தக் கோடு தவறானது. பூமி உருண்டை, படம் தட்டை. உருண்டையின் மீதுள்ள இரண்டு புள்ளிகளுக்கு இடையே மிகக் குறுகிய வழி, பூமியின் மையத்தை மையமாகக் கொண்ட பெருவட்டத்தின் ஒரு பகுதியாகத்தான் இருக்க முடியும். வீட்டில் பூகோள உருண்டை இருந்தால் ஒரு நூலின் ஒரு நுனியைச் சென்னையிலும் மறு நுனியை நியூயார்க்கிலும் வைத்து இழுத்துப் பிடியுங்கள். நூல் மேற்கே போகாது; வடக்கே ஏறும்.

கணக்கிட்டால் அந்தக் கோடு போகும் ஊர்கள் வியப்பூட்டும். சென்னையிலிருந்து வடக்கு-வடமேற்காகக் கிளம்பி ராஜஸ்தானைக் கடந்து பாகிஸ்தானுக்குள் நுழைகிறது. காபூலை ஒட்டி ஆப்கானிஸ்தானைத் தாண்டுகிறது. உஸ்பெகிஸ்தான், வற்றிப்போன ஆரல் கடல், கஜகஸ்தான், ஓரன்பர்க் பக்கமாக ரஷ்யா, அங்கிருந்து பின்லாந்தின் ஊலு நகரத்தின் வட்டாரம், சுவீடனுக்கும் நார்வேக்கும் மேலாக ஆர்க்டிக் வட்டத்தைக் கடந்து, ஐஸ்லாந்துக்கு வடக்கே சென்று, கிரீன்லாந்தின் தென்பகுதி, கனடாவின் லாப்ரடார் வழியாக நியூயார்க்கில் இறங்குகிறது. பதின்மூன்றாம் அட்சரேகையிலிருந்து கிளம்பி நாற்பத்தோராம் அட்சரேகைக்குப் போகிறவர், வழியில் அறுபத்தேழைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். உலகத்தின் தகராறு பிடித்த வான்வெளிகளில் பாதி இந்த ஒரு கோட்டின் கீழே இருக்கிறது என்பதை இங்கேயே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கணக்கு சாத்தியமாவதற்குப் பூமியின் அளவும் வடிவமும் தெரிந்திருக்க வேண்டும். அதை அளக்கும் பெருமுயற்சி ஒன்று சென்னை விமான நிலையத்தின் பக்கத்திலேயே தொடங்கியது. 1802 ஏப்ரல் 10 அன்று ஆங்கிலேய நிலஅளவையாளர் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை அளக்க ஆரம்பித்தார். நூறு அடி எஃகுச் சங்கிலி. அதைச் சுமார் நானூறு தடவை எடுத்து எடுத்து வைக்க வேண்டும். வெயிலில் எஃகு நீளும் என்பதால் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, மேலே கூடாரம் போட்டு, வெப்பமானி வைத்து, ஒவ்வோர் அளவையும் வெப்பத்துக்கு ஏற்பத் திருத்தினார்கள். இந்தியாவின் மாபெரும் முக்கோண நிலஅளவை அங்கிருந்து இமயம்வரை போனது. நிலத்தின் வரைபடம் மட்டும் லாம்டனின் நோக்கமாக இருக்கவில்லை. பூமியின் வளைவையே அளக்க விரும்பினார். இன்று மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள் பல, அந்த மலையை ஒட்டித்தான் இறங்குகின்றன.

பூமி சரியான கோளமும் அல்ல. நடுவரையில் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357. இருபத்தோரு கிலோமீட்டர் வித்தியாசம். சில கணிப்பான்கள் பூமியைக் கோளமாகவே வைத்துக் கணக்கிடுகின்றன, சில அந்தத் தட்டையையும் சேர்க்கின்றன. அதனால் நீண்ட வழித்தடங்களில் விடைகள் சில பத்து கிலோமீட்டர் வரை மாறலாம். இன்னொரு குழப்பம் மைலால் வருவது. விமானிகள் பயன்படுத்துவது 1,852 மீட்டர் கொண்ட கடல் மைல். சென்னை–நியூயார்க் 7,276 என்று ஓரிடத்திலும் 8,373 என்று இன்னோரிடத்திலும் கண்டால் இரண்டும் சரிதான். முன்னது கடல் மைல், பின்னது தரை மைல்.

தூரம் முடிந்தது. இனி நேரம், சிக்கல் எல்லாம் இங்கேதான்.

1944இல் சிகாகோவில் கூடி நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கையின் முதல் ஷரத்தே, ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலத்தின் மேலுள்ள வான்வெளியில் முழு உரிமை உண்டு என்கிறது. ஆகவே கணிதம் போட்ட கோட்டில் பறக்க, கீழேயுள்ள ஒவ்வொரு நாடும் சம்மதிக்க வேண்டும், கட்டணமும் கேட்கும். நம்முடைய கோட்டின் கதி என்ன ஆயிற்று? பாகிஸ்தானின் பாலாகோட்டில் இந்திய விமானப்படை நடத்திய தாக்குதலை அடுத்து 2019 பிப்ரவரி இறுதியில் அந்த நாடு தன் வான்வெளியை மூடியது. ஜூலை நடுவில்தான் திறந்தது. அந்தச் சில மாதங்களில் ஏர் இந்தியாவுக்கு மட்டும் 491 கோடி ரூபாய் இழப்பு என்று மாநிலங்களவையில் அமைச்சர் தெரிவித்தார். அந்த மார்ச்சில்தான் தொடங்கப்பட்டிருந்த இண்டிகோவின் டெல்லி–இஸ்தான்புல் விமானம், சுற்றிப் போக எரிபொருள் போதாமல் தோஹாவில் இறங்கி நிரப்பிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. 2021 ஆகஸ்டில் காபூல் தாலிபான்களிடம் வீழ்ந்தபோது ஆப்கான் வானத்தில் போக்குவரத்துக் கட்டுப்பாடே இல்லாமல் போனது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர். ரஷ்ய வானம் ஐரோப்பிய, அமெரிக்க விமானங்களுக்கு மூடப்பட்டது. 2025 ஏப்ரலில், காஷ்மீரின் பஹல்காமில் நடந்த படுகொலைக்குப் பின், பாகிஸ்தான் மறுபடியும் இந்திய விமானங்களுக்கு வானத்தை அடைத்தது. டெல்லியிலிருந்து வாஷிங்டனுக்கு நேரே போய்க்கொண்டிருந்த ஏர் இந்தியா விமானம் அந்த ஆண்டு செப்டம்பர் முதல் நிறுத்தப்பட்டதற்கு, விமானப் பற்றாக்குறையோடு இந்த அடைப்பும் காரணமாகச் சொல்லப்பட்டது.

மற்றவர்கள் பட்டதையும் பார்க்க வேண்டும். ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு சைபீரியாவின் மேல் ஒன்பதரை மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்த பின்லாந்தின் பின்னேர் நிறுவனம், 2022 மார்ச் முதல் வடதுருவத்தைச் சுற்றிப் பதின்மூன்று மணி நேரம் பறந்தது. இரண்டு ஊர்களும் ஓரடிகூட நகரவில்லை. ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே மிகக் குறுகிய வழி தன்னுடையது என்று விளம்பரப்படுத்தி வளர்ந்த நிறுவனம் அது. வானம் மூடிய வாரத்திலேயே அந்த வாணிபத்தின் அடித்தளம் ஆடிவிட்டது.

சுற்றிப் போவது வீண் செலவு என்று சொல்லிவிட முடியாது. 2014 ஜூலை 17 அன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூருக்குப் போன மலேசிய விமானம் கிழக்கு உக்ரைனின் மேல் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்தனர். அப்போது அந்த வானம் 32,000 அடிக்கு மேல் திறந்தே இருந்தது. விமானம் 33,000 அடியில், அனுமதிக்கப்பட்ட பாதையில்தான் பறந்துகொண்டிருந்தது. சுற்றிப் போவதில் செலவாகும் ஒரு மணி நேரத்தை யாராவது குறைசொல்லும்போது எனக்கு அந்த விமானம்தான் நினைவுக்கு வருகிறது.

அரசியல் நீட்டும் நேரத்தைக் காற்று சில சமயம் திருப்பித் தருகிறது. பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றாறு ஓடுகிறது. இதை முதலில் முறையாகப் பதிவு செய்தவர் வாசாபுரோ ஓயிஷி என்ற ஜப்பானிய வானிலை ஆய்வாளர். 1920களில் தாதெனோ ஆய்வகத்திலிருந்து பலூன்களைப் பறக்கவிட்டு, மேலே காற்று எவ்வளவு பலமாக அடிக்கிறது என்று அளந்தார். தன் அறிக்கையை உலகம் முழுதும் படிக்கட்டும் என்று எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார்; ஆனால் யாரும் படிக்கவில்லை. 1944இல் ஜப்பான்மீது குண்டு போட வந்த அமெரிக்க விமானிகள், எதிர்காற்றில் தங்கள் விமானம் தரைமேல் நகர மறுப்பதைக் கண்டுதான் திகைத்தார்கள்.

காற்றோடு போனால் என்ன ஆகும் என்பதற்கு 2020 பிப்ரவரியில் ஒரு சான்று கிடைத்தது. கியாரா புயலின் நேரத்தில் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்குப் பறந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போ விமானம் 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. தரையைக் கணக்கிட்டால் மணிக்கு 1,300 கிலோமீட்டருக்கும் மேல். ஒலியை மிஞ்சிவிடவில்லை, தன்னைச் சுற்றியிருந்த காற்றில் அது வழக்கமான வேகத்தில்தான் பறந்தது. அந்தக் காற்றே மணிக்கு முந்நூறு, நானூறு கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதே நேரம் எதிர்த்திசையில் வந்தவர்களுக்கு வழக்கத்தைவிட அதிக நேரம் பிடித்திருக்கும்.

இதைவிடத் தெளிவான பாடம் நம் நாட்டு விமானத்திலிருந்தே கிடைக்கிறது. டெல்லியிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்கு அட்லாண்டிக் வழியாகப் போய்க்கொண்டிருந்த ஏர் இந்தியா, 2016 அக்டோபரில் பசிபிக் வழியாகப் போய்ப் பார்த்தது. அட்லாண்டிக் வழி 13,900 கிலோமீட்டர். பசிபிக் வழி 15,300. ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் கூடுதல். ஆனால் பதினாலரை மணி நேரத்தில் போய் இறங்கிவிட்டது. பழைய வழியைவிட ஏறத்தாழ இரண்டு மணி நேரம் குறைவு! மேற்கே போனால் காற்று எதிரே நிற்கும், கிழக்கே போனால் முதுகில் தள்ளும். தூரம் கூடியும் நேரம் குறைய முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஆகவே விமான நிறுவனத்தில் பாதை வகுப்பவர், குறுகிய கோட்டைத் தேடுவதில்லை. அன்றைய காற்றுக்குக் குறைந்த எரிபொருளில் முடியும் கோட்டைத் தேடுகிறார். அது தினமும் மாறும். நியூயார்க்கிலிருந்து ஊர் திரும்பும்போது பறக்கும் நேரம், போனதைவிட ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் குறைவதும் இதனால்தான்.

இரட்டை எஞ்சின் விமானம் ஓர் எஞ்சின் நின்றால் குறித்த நிமிடங்களுக்குள் ஒரு விமான நிலையத்தை எட்ட வேண்டும் என்ற விதியும் பாதைகளை வளைத்துக்கொண்டிருந்தது. 1953இல் அமெரிக்கா 60 நிமிடம் என்று வைத்த வரம்பு, 1985 முதல் 120, பிறகு 180 என்று தளர்ந்து, ஏ350 விமானத்துக்கு 370 நிமிடம் வரை வந்துவிட்டது. பெருங்கடல்கள் இன்று பெரிய தடையல்ல. திபெத்தியப் பீடபூமியைத் தவிர்ப்பது வேறு காரணத்துக்காக: விமானத்துக்குள் காற்றழுத்தம் போனால் உடனே கீழிறங்க வேண்டும், அங்கே கீழிறங்க இடமில்லை.

சரி, அட்டவணையில் அச்சடித்திருக்கும் நேரம் எது? விமானம் பறக்கும் நேரம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் சக்கரத்தின் முன்னும் பின்னும் வைத்திருக்கும் தடுப்புக்கட்டையை ஊழியர் உருவியெடுத்து விமானம் நகர்ந்த நிமிடத்திலிருந்து, போன ஊரில் இன்னோர் ஊழியர் கட்டையை மறுபடியும் வைக்கும் நிமிடம் வரையான கணக்கு அது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், முன்னால் நிற்கும் விமானங்களுக்குக் காத்திருப்பதும், இறங்க அனுமதி கிடைக்காமல் வட்டமடிப்பதும் அதற்குள் அடக்கம். சென்னை–டெல்லி 1,760 கிலோமீட்டர். ஏ320 விமானத்துக்கு இரண்டு மணி பத்து நிமிடத் தூரம். அட்டவணையிலோ இரண்டே முக்கால் மணிக்கு மேல் போட்டிருக்கும். தாமதம் பதினைந்து நிமிடத்துக்குள் இருந்தால் நேரம் தவறவில்லை என்று கணக்கு வைப்பது உலக வழக்கம். அந்தக் கணக்கில் பெயர் வாங்க நிறுவனங்கள் அட்டவணையிலேயே நிமிடங்களைக் கூட்டி வைத்துவிடுகின்றன. "முன்கூட்டியே வந்து சேர்ந்துவிட்டோம்" என்று அறிவிப்பு வரும்போது பெரும்பாலும் அந்த உபரிதான் பேசுகிறது. பயணிக்கு இது கெடுதல் என்று நான் சொல்ல மாட்டேன். சொன்ன நேரத்துக்கு இறங்குவதும் ஒரு வசதிதான். ஆனால் அதைத் திறமை என்று விற்கக் கூடாது.

ஊருக்கு ஊர் வேறு காரணங்களும் உண்டு. சென்னையின் பிரதான ஓடுபாதை கிழக்கு-மேற்காகச் சற்றே சாய்ந்து கிடக்கிறது. தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் விமானங்கள் கடற்பக்கமிருந்து இறங்கும். அப்போது சிங்கப்பூரிலிருந்து வருகிறவர் வந்த வாக்கிலேயே தரை தொடுவார். கடற்காற்று பலமாக இருந்தால் ஊரைச் சுற்றிக்கொண்டு மேற்கே போய்த் திரும்பி இறங்க வேண்டும். போகி அன்று அதிகாலையில் பழையன எரிக்கும் புகையும் மார்கழிப் பனியும் சேர்ந்து ஓடுபாதையை மறைத்து, விமானங்கள் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் திருப்பிவிடப்பட்ட ஆண்டுகள் உண்டு.

நியூயார்க்குக்கு வருவோம். இங்கேதான் கணக்கு எதிர்பாராத ஒன்றைச் சொல்கிறது. துபாய் வழியாகப் போனால் மொத்தத் தூரம் ஏறத்தாழ 13,930 கிலோமீட்டர். நேர்க்கோட்டைவிட 460தான் அதிகம், பறக்கும் கணக்கில் அரை மணி. லண்டன் வழியாக 300 கிலோமீட்டர் அதிகம். டெல்லி வழியாகவோ வெறும் 40. சிங்கப்பூர் வழியாகப் போனால்தான் பதினெட்டாயிரத்தைத் தாண்டும். ஆக, மேற்கே உள்ள எந்த ஊரில் மாறினாலும் தூரத்தால் பெரிய நஷ்டம் இல்லை. பதினைந்து மணி இருபத்தைந்தாக நீள்வது, மாறும் ஊரில் உட்கார்ந்திருக்கும் நேரத்தால். முனைய நாற்காலிகளில் போகும் நேரத்தால். சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லாததற்கு விமானம் காரணமல்ல. சிங்கப்பூர்–நியூயார்க் 15,300 கிலோமீட்டருக்கும் மேல். அதையே நிற்காமல் பறக்கிறார்கள். தினமும் முழுக் கட்டணம் கொடுத்து இருக்கைகளை நிரப்பும் பயணிகள் போதுமா என்பதும், எந்த வானம் திறந்திருக்கும் என்பதும்தான் கேள்வி.

சீட்டு வாங்குகிறவர்களுக்கு இதிலிருந்து சில நடைமுறைப் பயன்கள். கட்டணத்துக்கு அடுத்தபடியாக, மாறும் ஊரின் காத்திருப்பைப் பாருங்கள். எந்த ஊர் என்பதில் மனம் குழம்ப வேண்டாம். அதற்காக ஒரு மணி நேர இடைவெளியையும் நம்ப வேண்டாம். அமெரிக்காவுக்குள் முதலில் இறங்கும் ஊரிலேயே குடியேற்றச் சோதனை, சுங்கம் இரண்டும் முடித்து, பெட்டியை எடுத்து மறுபடியும் ஒப்படைக்க வேண்டும் என்பதால், அங்கிருந்து இன்னொரு விமானம் பிடிப்பவர்களுக்கு மூன்று மணி இடைவெளியாவது வேண்டும். அபுதாபி வழியாகப் போகிறவர்கள் அமெரிக்கக் குடியேற்றச் சோதனையை அங்கேயே முடித்துவிடலாம். 2014 முதல் அந்த வசதி இருக்கிறது. வயதானவர்கள் தனியாகப் போனால் இது பெரிய ஆறுதல்.

சீட்டில் உள்ள நேரங்கள் அந்தந்த ஊர் நேரங்கள். கோடையில் நியூயார்க் நம்மைவிட ஒன்பதரை மணி பின்னால், குளிர்காலத்தில் பத்தரை மணி. மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் அங்கே கடிகாரம் மாறும் நாள்கள். சென்னையில் அதிகாலை 3:45க்குக் கிளம்பி அதே நாள் மாலை 4 மணிக்கு இறங்கும் என்று போட்டிருந்தால், கோடையில் அது 21 மணி 45 நிமிடப் பயணம். இன்னொன்று: 14ஆம் தேதி அதிகாலை 3:45 என்றால் 13ஆம் தேதி இரவே வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும். இந்தத் தேதிக் குழப்பத்தால் விமானத்தைத் தவறவிட்ட குடும்பங்கள் பல.

தூரமும் நேரமும் எவ்வளவு விலகிப் போக முடியும் என்பதற்கு நம் பக்கத்திலேயே இன்னும் இரண்டு வழித்தடங்கள். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து தபால் பைகளோடு பம்பாய்க்குப் பறந்தார். அங்கிருந்து விமானி நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக மறுநாள் மதராசுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். டாட்டாவின் விமானப் போக்குவரத்து தொடங்கியதே கராச்சி–மதராஸ் வழித்தடத்தில்தான். இன்று அந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே நேர் விமானமே கிடையாது. மற்றது யாழ்ப்பாணம். மீனம்பாக்கத்திலிருந்து அதன் பலாலி விமான நிலையத்துக்கு 355 கிலோமீட்டர். இலங்கையின் ஏர் சிலோன் 1947 டிசம்பரில் நடத்திய முதல் விமானமே கொழும்பை அடுத்த ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாக மதராசுக்குத்தான் வந்தது. இலங்கை உள்நாட்டுப் போரின்போது அந்த வழி அடைபட்டது. சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் போக விரும்பியவர், அந்த ஊரைத் தாண்டித் தெற்கே கொழும்புக்கு 650 கிலோமீட்டர் பறந்து, அங்கிருந்து வடக்கே திரும்ப வேண்டியிருந்தது. 2019 நவம்பரில் ஏடிஆர் விமானம் மீண்டும் பறக்கத் தொடங்கியபின் ஒன்றரை மணிக்குள் போய்விடலாம்.

கடைசியாக, அட்டவணை நேரத்துக்கும் உண்மையான நேரத்துக்கும் உள்ள இடைவெளிக்குத் திரும்புவோம். அமெரிக்காவில் பெரிய விமான நிறுவனங்களின் ஒவ்வோர் உள்நாட்டு விமானமும் கட்டை எடுத்த நிமிடம், தரை விட்ட நிமிடம், தரை தொட்ட நிமிடம், நின்ற நிமிடம் என்று அரசின் போக்குவரத்துப் புள்ளிவிவரப் பிரிவில் பதிவாகிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். நம் விமானப் போக்குவரத்து இயக்குநரகமும் வழித்தடம் வாரியாக அந்த நான்கு நிமிடங்களையும் மாதந்தோறும் வெளியிட வேண்டும். சீட்டு விற்கும் இடத்திலேயே, அட்டவணை நேரத்துக்குப் பக்கத்தில், கடந்த மூன்று மாதங்களில் அந்த விமானம் எடுத்துக்கொண்ட உண்மையான நேரத்தையும் போட வைக்க வேண்டும். பயணிகள் சங்கங்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் இதைக் கேட்க வேண்டும்.